பழைய ஹைப்ரிட் கார் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு: பேட்டரியும் போன் ஆப்பும்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். 2022 கடைசியில் டெலிவரி எடுத்த டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஒன்று, 62,000 கிலோமீட்டர் ஓடியது, திருநெல்வேலியில் உங்களுக்குத் தெரிந்தவர் விற்கிறார். விலை படிகிறது. ஆனால் உங்கள் ஊர் மெக்கானிக் "அஞ்சு வருசத்துல பேட்டரி படுத்துடும், மாத்த லட்சக்கணக்குல ஆகும், நம்ம வெயிலுக்குத் தீப்பிடிச்சாலும் பிடிக்கும்" என்கிறார். உங்கள் மைத்துனரோ "இந்தப் புது வண்டியெல்லாம் நீங்க எங்க போறீங்க, எவ்வளவு வேகத்துல போறீங்கன்னு கம்பெனிக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும்" என்கிறார். இரண்டு தனித்தனிப் பயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. காசு கொடுத்து வாங்குகிற வண்டி உங்கள் கைக்குள் இருக்குமா? இல்லை, திறந்து பார்க்க முடியாத ஒரு பெட்டியும் முகம் தெரியாத யாரோ ஒருவரும் அதைக் கையில் வைத்திருப்பார்களா?

கோவையில் 24 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். 2013-ல் கேம்ரி ஹைப்ரிட் நம் நாட்டில் அசெம்பிள் ஆகி வந்த பிறகு, அதற்கென்று பயிற்சி எடுத்து, ஹை வோல்டேஜ் வேலையும் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். என்னிடம் வருவது பெரும்பாலும் வாரண்டி முடிந்த, ஏதோ ஒரு கோளாறு வந்த வண்டிகள். கோளாறில்லாமல் ஓடுகிற வண்டி என் பட்டறை வாசலை மிதிக்காது. அதனால் நூற்றுக்கு எத்தனை பேட்டரி கெடுகிறது என்று என் அனுபவத்தை வைத்துச் சொன்னால் அது தப்புக் கணக்கு. எப்படிக் கெடுகிறது, எதனால் கெடுகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், இரண்டு தாள் கையில் வந்த பிறகு. ஒன்று, பேட்டரியின் ஸ்கேனர் ரிப்போர்ட், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி தரும் தாள். இன்னொன்று, வண்டியோடு இணைந்த ஆப் கணக்கிலிருந்து பழைய உரிமையாளரின் பெயர் நீங்கியதற்கான உறுதி. பேட்டரி விஷயத்தில் நீங்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறீர்கள். ஆப் விஷயத்தில் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயப்படுகிறீர்கள்.

அதற்கு முன், அது நிஜமாகவே ஸ்ட்ராங் ஹைப்ரிட்தானா, அதாவது மோட்டாரில் மட்டும் தனியாகவும் நகரக்கூடியதா என்று பாருங்கள். ஹைரைடர் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. நியோ டிரைவ் என்பது மைல்டு ஹைப்ரிட். எஞ்சினுக்கு லேசாகக் கை கொடுக்கும், அவ்வளவுதான்; மோட்டாரில் மட்டும் தனியாக நகராது. எர்டிகாவில் போட்டிருக்கும் "ஸ்மார்ட் ஹைப்ரிட்" எழுத்தும் அந்த ரகம்தான். அதை வைத்திருப்பவர்களும் "என் ஹைப்ரிட் பேட்டரி போச்சு" என்று என்னிடம் வருவதுண்டு. பார்த்தால் போனது 12 வோல்ட் பேட்டரியாக இருக்கும். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எஞ்சின் சத்தம் வராமலேயே மீட்டரில் "ரெடி" என்று பச்சையாக எரியும். கிளட்ச் வைத்த மேனுவல் கியர் அதில் கிடையாது. விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஆர்.சி.யையும் இந்த "ரெடி" விளக்கையும் பாருங்கள்.

இப்போது பேட்டரி. ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் இருப்பது 177.6 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி. அதன் மொத்தக் கொள்ளளவு 0.76 கிலோவாட் அவர். இ.பி. கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட் கரண்ட். 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் இருந்தது 30.2 யூனிட், ஏறக்குறைய நாற்பது மடங்கு. மின்சாரக் கார் பேட்டரிக்குக் கேள்விப்பட்ட விலையை வைத்துத்தான் பலர் ஹைப்ரிட்டுக்கும் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் மெக்கானிக் சொன்ன தொகைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வாய் விலையை நம்ப வேண்டாம். ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பேட்டரி விலையை எழுத்தில் கேளுங்கள்.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். செல்போன் பேட்டரியை நாம் தினமும் நூறிலிருந்து அடிமட்டம் வரை இறக்கி, மறுபடி நூறுக்கு ஏற்றுகிறோம். ஹைப்ரிட்டில் உள்ள கம்ப்யூட்டர் அப்படி விடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்தே அடிப்படை ஒன்றுதான்: பேட்டரியை முழுசாக நிரப்பவும் விடாதே, முழுசாகக் காலியாகவும் விடாதே. பிரியஸ் வகை வண்டிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் அது உலவும். மீட்டரில் எல்லாக் கட்டமும் நிரம்பியதாகத் தெரிந்தாலும் உள்ளே அது நிரம்பியிருக்காது. இந்த ஒரு கட்டுப்பாடுதான் அதன் ஆயுளின் ரகசியம். "அஞ்சு வருசத்துல படுத்துடும்" என்பது உண்மையாக இருந்தால் எந்தக் கம்பெனியும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு வாரண்டி கொடுத்திருக்காது. உங்கள் வண்டியின் ஹைப்ரிட் பேட்டரிக்கு அதுதான் வாரண்டி, எது முதலில் முடிகிறதோ அதுவரை. 2022 நவம்பரில் முதல் டெலிவரி என்றால் 2030 நவம்பர் வரை, இன்னும் 98,000 கிலோமீட்டர் பாக்கி. ஆனால் சர்வீஸ் பதிவு விட்டுப்போயிருந்தாலோ, வெளியே வயரை வெட்டி ஸ்பீக்கர், ஹாரன், லைட் என்று ஏதாவது கோர்த்திருந்தாலோ வாரண்டி கேட்கும் நேரத்தில் தகராறு வரும். இரண்டாவது உரிமையாளருக்கு அது அப்படியே தொடர்கிறதா என்பதையும் ஷோரூமிலிருந்து மெயிலில் வாங்கிவிடுங்கள்.

பேட்டரியைக் கெடுப்பதில் முதல் இடம் சூட்டுக்கு. இது எந்த வகை செல்லுக்கும் பொருந்தும். இன்னோவா ஹைக்ராஸில் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஆகட்டும், உங்களுடைய லித்தியம் ஆகட்டும், சூடு ஏற ஏற ஆயுள் குறையும். லித்தியத்துக்கு இன்னொரு குணம்: ஓடாமல் நின்றாலும் காலம் அதைத் தின்னும், வெயிலில் நின்றால் இன்னும் வேகமாக. காற்றால் குளிரூட்டும் வண்டிகளில், பயணிகள் உட்காரும் அறையின் காற்றை ஒரு சின்ன மின்விசிறி உறிஞ்சி பேட்டரி மேல் ஓட்டும். அந்தக் காற்று உள்ளே போகிற வாய், பல மாடல்களில் பின் சீட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கிரில்லாக இருக்கும். அது அங்கே எதற்கு இருக்கிறது என்று பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியாது.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவருடையது, ஒன்பது வயதான ஹைப்ரிட் செடான். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. ஒரு இடத்தில் காட்டினார், "முழு பேட்டரியும் மாத்தணும்" என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். மனசு கேட்காமல் என்னிடம் கொண்டுவந்தார். பின் கதவைத் திறந்தேன். ரெக்சின் சீட் கவர், பளபளவென்று புதுசு, அந்தக் கிரில்லின் முக்கால் பாகத்தை மூடியிருந்தது. உள்ளே விசிறியைக் கழற்றினால் அதன் இறக்கைகளே தெரியவில்லை. வெள்ளைப் பஞ்சு, நூல் தூசி, எல்லாம் ஈரத்தில் ஒட்டி ஒரு கம்பளித் தொப்பி மாதிரி மேலே படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. தினமும் அவர் உடையில் ஒட்டிக்கொண்டு வந்த கம்பெனிப் பஞ்சு அது. ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) விசிறியைப் பற்றியது; பேட்டரி தேய்ந்ததாக அது சொல்லவே இல்லை. சுத்தம் செய்து, சீட் கவரை அந்த இடத்தில் வெட்டிவிட்டு, ஒரு வாரம் ஓட்டச் சொல்லி மறுபடி அளந்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. அந்த எஸ்டிமேட் கொடுத்தவர்கள் விசிறியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் உங்கள் மாடலில் அந்தக் காற்று வாய் எங்கே இருக்கிறது, ஃபில்டர் உண்டா என்று ஓனர் மேனுவலில் பாருங்கள். அங்கே பை, குடை, சால்வை எதையும் போட்டு அடைக்காதீர்கள். நாய் ஏற்றிப் போகிற வண்டியாக இருந்தால் முடி அடைத்திருக்கும், அதையும் கேளுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்தவுடன் மிதிக்காமல், கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, ஏசியைப் போட்டுக் கிளம்புங்கள். உங்களுக்குக் குளிரும்போதுதான் பேட்டரிக்கும் குளிர்ந்த காற்று போகும்.

நம் ஊர் ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிக்னலில் நின்றதும் கை தானாக நியூட்ரலுக்குப் போகும். டொயோட்டா ஹைப்ரிட்டில் நியூட்ரலில் இருக்கும்வரை பேட்டரி சார்ஜ் ஆகாது, மேனுவலிலேயே எழுதியிருக்கிறது. வாளையார் செக்போஸ்டில் ஏசி போட்டு அரை மணி நேரம் நியூட்ரலில் நின்றால், பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். பார்க்கிங் 'பி'-யில் போடுங்கள், அல்லது 'டி'-யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள். அதேபோல் பெட்ரோல் தீர்ந்த பிறகு "கரண்ட்லயே பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று தள்ளுவது பேட்டரிக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல்களில் ஒன்று. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டாலும் அப்படித்தான். 2020 ஊரடங்கு முடிந்ததும் வரிசையாக வந்த வண்டிகளில் இதைப் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர் விற்கும் வண்டி என்றால், குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்காமல் அது எத்தனை மாதம் நின்றது என்று விசாரியுங்கள்.

"ஹைப்ரிட் செத்துப்போச்சு, ஸ்டார்ட்டே ஆகல" என்று வரும் போன்களில் பெரும்பாலானவை சாதாரண 12 வோல்ட் பேட்டரிக் கதைதான். பெரிய பேட்டரி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், அதன் ரிலேயை, அதாவது மின் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சை, இணைப்பதும் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் இந்தச் சின்ன பேட்டரியின் வேலை. அது சோர்ந்தால் "ரெடி" வராது, மீட்டரில் சம்பந்தமில்லாத பத்து விளக்கு எரியும். பயந்துபோய்ப் பெரிய பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீப்பிடிப்பதைப் பற்றி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்குள் இருக்கும் திரவம் தண்ணீரில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது அரிக்கும், எரியாது. லித்தியம் செல்லில் இருக்கும் திரவம் எரியக்கூடியது, இதை மறைக்கக் கூடாது. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது முக்கால் யூனிட் பேட்டரி, அதன் வோல்டேஜையும் சூட்டையும் ஒரு கம்ப்யூட்டர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது, அளவு மீறினால் ரிலேயைத் துண்டித்துவிடும். என் அனுபவத்தில் நான் பார்த்த எரிந்த வண்டிகளில் காரணம் பெரும்பாலும் 12 வோல்ட் வயரிங்கில்தான் இருந்தது: ஃபியூஸ் இல்லாமல் இழுத்த லைட், ஹாரன், எலி கடித்த வயர், பெட்ரோல் கசிவு. எலித் தொல்லை இருக்கும் வீடா உங்களுடையது? அப்படியென்றால் பேட்டரியை விட அதற்கு அதிகமாகக் கவலைப்படுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி மட்டும் வேறு கதை. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பிறகு வெளி மாவட்டங்களில் விற்பனைக்கு வந்தன. நீங்கள் பார்க்கும் வண்டி சென்னைப் பதிவாக இருந்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாறு கேளுங்கள், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். டிக்கி தரைக்கு அடியில் சேறு காய்ந்த தடம் இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

யூடியூப் பார்த்து நீங்களோ, துணிச்சலான மெக்கானிக்கோ அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். 177 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லும். நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போடுவதற்கு முன், அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று கன்னத்தில் படும். பட்டால் அந்தக் கையுறை குப்பைக்கு. பிறகு பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், வேறு யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாது. மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் இறங்க 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் எடுப்பேன். இந்த வரிசையைச் செய்யாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். "கெட்ட செல்லை மட்டும் மாத்தித் தர்றேன், பாதி செலவு" என்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கல் வகையில், மற்ற எல்லா மாடியூலையும் (சில செல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி) அளந்து ஜோடி பார்த்துப் போட்டால் அது கொஞ்ச காலம் ஓடும். அளக்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த ஆறு மாதத்தில் பக்கத்து மாடியூல் விழும், மறுபடி அதே செலவு. லித்தியம் பேட்டரியில் அந்த வேலையை நான் செய்வதில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன்.

இனி அந்த ஸ்கேனர் தாள். மாடலுக்கு ஏற்ற ஸ்கேனரில் ஒவ்வொரு செல் அல்லது பிளாக்கின் (செல் தொகுதியின்) வோல்டேஜும் தனித்தனியாக வரும். வண்டி சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாரம் ஏற்றும்போது எது மற்றவற்றை விட்டுத் தனியாகக் கீழே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நிக்கல் வகையில் ஒரு செல் 1.2 வோல்ட், ஒரு பிளாக் ஏறக்குறைய அந்த அளவுக்கு மற்றவற்றை விடத் தாழ்ந்தால் உள்ளே ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். லித்தியத்தில் வித்தியாசம் இதைவிடச் சின்ன அளவில் இருக்கும், ஷோரூம் ஆள் தன் வரம்பு அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பி0ஏ80 என்ற கோடு பதிவில் இருந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. ஆனால் இணைப்புத் தகடு பச்சை பிடித்து அரித்திருந்தாலும் அதே கோடு வரும், அதனால் கோடு ஒன்றை மட்டும் வைத்து தீர்ப்பு எழுதக் கூடாது. வண்டியை வெளியே எடுத்து ஒரு பாலத்தில் ஏற்றி இறக்குங்கள். பேட்டரிக் கட்டம் சட்டென்று நிரம்புவதும் சட்டென்று காலியாவதுமாக ஆடினால், பின்னாலிருந்து விசிறி சத்தம் ஓயாமல் வந்தால், அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

பாருங்கள், இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? வண்டி தன்னைத் தானே கண்காணித்து எழுதி வைத்திருப்பதால். அந்தக் கண்காணிப்பு உங்களுக்கு நன்மை. உங்கள் மைத்துனர் சொல்வது வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் தேவையானதை வெறுத்து, ஆபத்தானதை விட்டுவிடுவோம்.

ஓட்டுநரைப் பார்க்கும் கேமராவில் ஆரம்பிக்கிறேன். நீங்கள் பார்க்கும் 2022 ஹைரைடரில் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கும் கேமரா கிடையாது. மேல் வேரியண்டில் இருக்கும் நான்கு கேமராவும் வெளியேதான் பார்க்கும். மஹிந்திராவின் பி.இ. 6 போன்ற புது மின்சார வண்டிகளில் உள்ளே பார்க்கும் கேமரா வந்துவிட்டது. தூக்கத்தைக் கண்டுபிடிப்பதில் இரண்டு முறை உண்டு. ஸ்டியரிங்கில் கை செய்யும் சின்னச் சின்ன திருத்தங்களைக் கணக்கிட்டு "ஓய்வெடுங்கள்" என்று காபி கப் காட்டுவது ஒன்று. அகச்சிவப்பு ஒளியில் கண் இமையைப் படிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் உங்கள் முகத்தை வெளியே அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புது வண்டிக்கும் தூக்க எச்சரிக்கை கட்டாயம். அந்தச் சட்டமே, தகவல் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், மூன்றாமவருக்குப் போகக் கூடாது, வேலை முடிந்ததும் அழிய வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் இப்படி எழுத்தில் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏனென்றால் விடிகாலை மூன்றரை மணிக்கு நான்கு வழிச்சாலையில் கண் அசந்து லாரிக்குப் பின்னால் போன வண்டிகளை நான் கிரேனோடு போய் எடுத்திருக்கிறேன். அந்த எச்சரிக்கையை "தொந்தரவா இருக்கு" என்று அணைத்து வைக்காதீர்கள்.

வெளியே தகவல் போவது எதன் வழியாக? உங்கள் வண்டியில் ஐ-கனெக்ட் (வண்டியைப் போன் ஆப்போடு இணைக்கும் டொயோட்டா வசதி) இருந்தால், உள்ளே ஒரு சிம் இருக்கிறது. வண்டி நிற்கும் இடம், எல்லை தாண்டினால் எச்சரிக்கை, ஓட்டும் விதம் எல்லாம் போனில் உள்ள ஆப்புக்கு வரும் என்றால், அது கம்பெனியின் சர்வரைத் தொட்டுத்தான் வருகிறது. உங்கள் மைத்துனர் சொன்னதில் இவ்வளவும் உண்மை. அதன் பிறகு அந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைத் தாளில் இருக்கும். இது வெறும் சந்தேகம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்களின் இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும் சரியான சம்மதமின்றிச் சேகரித்து விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2025 ஜனவரியில், அவற்றை நுகர்வோர் தகவல் நிறுவனங்களுக்கு 5 வருடம் கொடுக்கக் கூடாது என்ற உத்தரவை முன்வைத்தது. அந்தத் தகவலை வைத்து இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியதாகப் பலர் புகார் சொல்லியிருந்தார்கள். இந்தியாவில் 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓட்டும் தூரத்தையும் விதத்தையும் வைத்துப் பிரீமியம் போடும் கூடுதல் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தது. இங்கே அது நீங்கள் விரும்பி எடுப்பது. கையெழுத்துப் போடும் தாளில் அது இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள். வண்டியை மஞ்சள் போர்டில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் சட்டப்படி கட்டாயம். சொந்த வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் என் அனுபவத்தில் ஆபத்து கம்பெனிக்கு முன்னால் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், தனியாக இருப்பவர், பழைய கார் ஒன்றை வாங்கினார். மூன்று வாரம் கழித்து, பேர் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது, விற்றவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்: "என்ன மேடம், நேத்து ராத்திரி பேரூர் பக்கம் வண்டி நின்னுச்சு?" அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவர் போனில் ஆப் அப்படியே இருந்தது, இடம் காட்டியது, பார்த்தார். அந்த அம்மா என் பட்டறைக்கு வந்து சாவியை மேசையில் வைத்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகத் தான் போன ஒவ்வொரு இடமும் ஒரு அந்நிய ஆளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவரை உலுக்கிவிட்டது. கணக்கை மாற்ற எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் மனைவிதான் அதிகம் ஓட்டப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆப் அவர் போனில் இருக்கட்டும். உங்கள் போனிலும் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வரும். அதுவரை சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்காமல் கையால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

வண்டி பார்க்கக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஷோரூமிலேயே சந்திப்பதாக விற்பவரிடம் சொல்லுங்கள். ஹைப்ரிட் ஹெல்த் செக் என்று கேட்டால் செய்து தருவார்கள், பணம் நீங்களே கட்டிவிடுங்கள், அப்போதுதான் தாள் உங்கள் கைக்கு வரும். பணம் கைமாறும் முன் விற்பவர் தன் போனிலிருந்து அந்த வண்டியை நீக்க வேண்டும், உங்கள் கண் முன்னாலேயே. பிறகு திரையில் ஃபேக்டரி ரீசெட் போட்டு, அவர் ஏற்றியிருந்த போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாம் போனதா என்று பாருங்கள். கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றித் தர ஷோரூமில் ஆர்.சி. நகல் கேட்பார்கள், கையோடு கொண்டு போங்கள். உங்கள் வண்டியை நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஸ்கேனர் ரிப்போர்ட் கிடைத்ததும் சேஸிஸ் எண்ணையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு, செல் வோல்டேஜ் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு வாங்கலாமா என்று தெளிவாகச் சொல்கிறேன்.